சந்தா கட்டி நுழையும் களஞ்சியக் கடை: கனடாவுக்குப் புதிதாகச் செல்லும் வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

எங்கள் ஊரிலிருந்து கனடாவுக்குப் போகும் பிள்ளைகள், போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். "இங்கே கொஸ்ட்கோ என்று ஒரு பெரிய கடை இருக்கிறது, வருடத்துக்கு 65 டொலர் கட்டினால்தான் உள்ளே விடுவார்கள், எல்லாம் மலிவாம், கட்டலாமா?" என்பதே அந்தக் கேள்வி. இந்தப் பக்கம் இருக்கும் தாய் தகப்பன் 65 டொலரை ரூபாவாக மாற்றிப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய 14,000 ரூபா என்றதும் "ஐயோ, கடைக்குள் போவதற்கே அவ்வளவு காசா?" என்று திகைக்கிறார்கள். அங்கே முன்பே குடியிருக்கும் சித்தப்பாவோ மச்சானோ "கட்டாயம் எடு, எல்லோரும் எடுத்திருக்கிறோம்" என்கிறார். இரண்டு பேச்சிலும் கணக்கு இல்லை.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியை அண்டிய கிராமம் ஒன்றில், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிளை முகாமையாளராக நீண்டகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மூடையாக வந்த பொருளைக் கிலோவாக நிறுத்துக் கொடுப்பதும், மாத முடிவில் இருப்பெடுத்து எவ்வளவு விற்றது, எவ்வளவு பழுதானது என்று எழுதுவதுமே என் தொழிலாக இருந்தது. மகள் குடும்பத்துடன் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் இருக்கிறாள். அவளிடம் ஐந்து மாதம் போய் நின்றபோது, இந்தக் கேள்வியை அவளோடு சேர்ந்து கொப்பியில் எழுதி முடிவு கண்டேன். அந்த முறையை, புதிதாகப் போகின்றவர்களுக்கும் இங்கிருந்து அவர்களுக்கு ஆலோசனை சொல்கின்ற பெற்றோருக்கும் பயன்படும் வகையில், படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் "அங்கத்துவம்" என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது நமக்குப் பழகிய சொல் என்பதாலேயே பிழையான எண்ணத்தைத் தருகிறது. நமது சங்கக்கடையில் அங்கத்தவராகச் சேரும்போது ஒரு பங்குக்கான பணத்தைக் கட்டுகிறோம். அந்தப் பணம் சங்கத்தின் மூலதனத்தில் நமது பெயரில் நிற்கும். ஆண்டுதோறும் அதைத் திரும்பவும் கட்ட வேண்டியதில்லை. பொதுச்சபைக் கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு வாக்கு உண்டு, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றுதான். சங்கம் இலாபம் காட்டினால் அதிலும் அங்கத்தவருக்கு உரித்து உண்டு. கனடாவில் இருக்கும் களஞ்சியக் கடையின் அங்கத்துவம் இவற்றில் எதுவும் அல்ல. அது ஒரு வருடத்துக்குக் கடைக்குள் நுழைந்து வாங்குவதற்கான சந்தா. கடை வேறு பங்குதாரர்களுக்குச் சொந்தமானது. வருடம் முடிந்தால் கட்டிய காசும் முடிந்தது. ஆகவே அதைச் சேமிப்பாகவோ முதலீடாகவோ எண்ணாமல், மின்சாரக் கட்டணத்தைப் போல ஒரு செலவாகவே கொப்பியில் எழுத வேண்டும்.

அந்தச் செலவுக்கு ஈடாகக் கடை என்ன தருகிறது என்பது அடுத்தது. கனடாவில் இந்த வகைக் கடை என்றால் நடைமுறையில் கொஸ்ட்கோதான். 1983இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் தொடங்கி, 1985இல் கனடாவுக்கு வந்த நிறுவனம் அது. இதே வகையைச் சேர்ந்த வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப் ஒன்ராறியோவில் சில காலம் நடத்தப்பட்டு 2009இல் மூடப்பட்டது. சாதாரண சுப்பர் மார்க்கெட்டில் பல பத்தாயிரம் வகைப் பொருள்கள் இருக்க, கொஸ்ட்கோவில் ஏறத்தாழ 4,000 வகை மட்டுமே இருக்கும். ஒரே பொருளில் பத்து வகை வைக்காமல் ஒன்றோ இரண்டோ வைத்து, அதைப் பெருந்தொகையாக வாங்கி, பலகைத் தட்டோடு தளத்தில் இறக்கி அப்படியே விற்கிறார்கள். அடுக்குகிற கூலி குறைவு. கொள்வனவு விலைக்கு மேல் வைக்கும் ஏற்றத்தையும் ஏறத்தாழ 14, 15 வீதத்துக்கு மேல் போகாமல் வைத்திருக்கிறார்கள். பிறகு இலாபம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பங்கு சந்தாவிலிருந்து வருகிறது. 2024 நிதியாண்டில் உலகெங்கும் சந்தாவாக மட்டும் 480 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டின் தொழிற்பாட்டு இலாபத்தில் அது பாதிக்கு மேல். இதிலிருந்து ஒன்று விளங்கும். பொருளின் விலை உண்மையாகவே குறைவுதான், அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆனால் சந்தாவைக் கட்டிவிட்டு வாங்காமல் இருப்பவரிடமிருந்தும், கொஞ்சமாக வாங்குபவரிடமிருந்தும் கடைக்கு வருகிற சந்தாக் காசு அதேதான்.

2024 செப்டெம்பர் முதலாம் திகதி முதல் சாதாரண அங்கத்துவம் வருடத்துக்கு 65 டொலர், மேல்நிலை அங்கத்துவம் 130 டொலர். இதன் மேல் வரி உண்டு. ஒன்ராறியோவில் 13 வீதம் சேர்த்தால் சாதாரண அட்டை 73 டொலர் 45 சதம் ஆகும். இதை ரூபாவாக மாற்றிப் பார்க்க வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே உழைத்து அங்கே செலவழிப்பவருக்கு அந்த மாற்றம் எதையும் சொல்லாது. உழைப்பாக மாற்றிப் பாருங்கள். ஒன்ராறியோவின் குறைந்தபட்ச மணிக்கூலி 2025 ஒக்டோபரிலிருந்து 17 டொலர் 60 சதம். அப்படியானால் சந்தா என்பது நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட வேலை. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு 6 டொலர் 12 சதம். இந்த எண்ணைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் இதனோடுதான் ஒப்பிடப்படும்.

இனி வீட்டுப் பக்கம் வருவோம். கடையின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், உங்கள் வீடு ஒரு மாதத்தில் என்ன தின்கிறது, எதைப் பாவிக்கிறது என்பதை எழுத வேண்டும். பலர் இந்தப் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள். நமது தாய்மார் இதை எழுதாமலே அறிந்திருந்தார்கள். என் தாய் அரிசிப் பானைக்குள் சுண்டு என்னும் அளவுப் பேணியை இறக்கி, தலை தட்டி எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று உலையில் போடுவார். காலபோக நெல் வீட்டுக்கு வந்ததும் எத்தனை மூடையை விற்கலாம், அடுத்த அறுவடை வரை எத்தனை மூடை நிற்க வேண்டும் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அந்தச் சுண்டுக் கணக்கே இங்கும் தேவை. ஒரு மாதத்துக்கு வீட்டில் தீர்ந்த ஒவ்வொரு பொருளையும், அது தீர்ந்த நாளில், எடையோடு எழுதுங்கள். வாங்கிய நாளில் எழுதினால் ஆசை கணக்கில் சேரும். தீர்ந்த நாளில் எழுதினால் தேவை மட்டும் சேரும். அரிசி எத்தனை கிலோ, மைசூர்ப் பருப்பு எவ்வளவு, பால் எத்தனை லீற்றர், முட்டை எத்தனை, எண்ணெய், வெங்காயம், கோழி, சலவைத் தூள், கழிப்பறைத் தாள், குழந்தை இருந்தால் அணையாடை என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

மகள் வீட்டில் நாங்கள் எழுதிய பட்டியலில் முப்பதுக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. அவற்றில் பாதிக்குக் களஞ்சியக் கடையில் பதிலே இல்லை. நம் சாப்பாட்டின் அத்திவாரம் அங்கே கிடைப்பதில்லை என்பதைப் புதிதாகப் போகின்றவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அரிசி இருக்கும், ஆனால் பெரும்பாலும் பாஸ்மதியும் தாய்லாந்து மல்லிகை அரிசியும்தான் இருக்கும். நாம் உண்ணும் சிவப்புப் புழுங்கல் அரிசிக்கும் சம்பாவுக்கும் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்க் கடைக்குத்தான் போக வேண்டும். வறுத்த மிளகாய்த் தூள், ஒடியல் மா, முருங்கைக்காய், கருவேப்பிலை, உறைந்த பாரை மீன், சூடை மீன் எல்லாமே அப்படித்தான். மாறாக, முட்டை, பால், வெண்ணெய், கோழி, சமையல் எண்ணெய், சலவைத் தூள், தாள் வகைகள், அணையாடை, கச்சான், பாதாம் போன்றவற்றில் அந்தக் கடை வழக்கமாக நன்றாக நிற்கிறது. ஆகவே பட்டியலில் களஞ்சியக் கடையில் வாங்கக்கூடியவற்றுக்கு எதிரே மட்டும் ஒரு அடையாளம் இடுங்கள். அடையாளமிட்டவை மட்டுமே சந்தாவை மீட்டுத் தர வேண்டியவை.

அடையாளமிட்ட பொருள்களுக்கு இப்போது அலகு விலை எடுக்க வேண்டும். கனடாவில் கிலோவும் இறாத்தலும் கலந்து கிடப்பதால் புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இறைச்சிக்கும் மரக்கறிக்கும் இறாத்தல் விலை பெரிய எழுத்தில் இருக்கும், கிலோ விலை கீழே சிறிதாக இருக்கும். ஒரு இறாத்தல் 454 கிராம் என்பதை மனதில் வைத்து எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றுங்கள். விலைச்சீட்டின் மூலையில் 100 கிராமுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருந்தால் அதைப் பத்தால் பெருக்கினால் போதும். ஒப்பிடும்போது களஞ்சியக் கடையை ஊரிலேயே விலை கூடிய சுப்பர் மார்க்கெட்டோடு ஒப்பிட வேண்டாம். நீங்கள் உண்மையாக வாங்குகிற மலிவுக் கடையோடு ஒப்பிடுங்கள். நோ பிரில்ஸ், பூட் பேசிக்ஸ், வால்மார்ட் ஆகியவற்றுக்குச் சந்தா இல்லை. வாராந்த விளம்பரத்தில் வரும் கழிவு விலைகள் சிலவேளை களஞ்சிய விலையையும் தாண்டிக் கீழே போகும். லோப்லோ நிறுவனத்தின் ஹோல்சேல் கிளப் என்ற கடைகளும் மொத்தப் பொதிகளையே விற்கின்றன. பெயரில் கிளப் இருந்தாலும் அங்கே சந்தா எதுவும் கட்ட வேண்டியதில்லை. அருகில் ஒன்று இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

வெங்காயத்தை எடுத்து ஒரு கணக்கைச் செய்து காட்டுகிறேன். விலைகள் முறையை விளக்குவதற்காக நான் இட்டவை, நீங்கள் அன்றைய விலையை இடுங்கள். களஞ்சியக் கடையில் 10 இறாத்தல் பை, அதாவது 4.54 கிலோ, 6 டொலர் 50 சதம் என்று வைப்போம். கிலோ 1 டொலர் 43 சதம் ஆகிறது. பக்கத்து மலிவுக் கடையில் 3 இறாத்தல் பை, அதாவது 1.36 கிலோ, 2 டொலர் 70 சதம் என்றால் கிலோ ஏறத்தாழ 1 டொலர் 99 சதம். பெரிய பை முழுவதும் சமையலுக்குப் போனால் இரண்டரை டொலர் மிச்சம். ஆனால் பையின் அடியில் 700 கிராம் முளைத்தும் அழுகியும் போய்விட்டால், நீங்கள் உண்டது 3.84 கிலோதான். அந்த 3.84 கிலோவைச் சிறிய பைகளில் வாங்கியிருந்தால் 7 டொலர் 64 சதம் போயிருக்கும். மிச்சம் 1 டொலர் 14 சதமாகச் சுருங்குகிறது. ஒரு கைப்பிடி அழுகல் மிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. மலிவு எந்த அளவுக்குக் கூடுதலாக இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பழுதைத் தாங்கும் என்பதால், ஒவ்வொரு பொருளுக்கும் விலை வித்தியாசத்தையும் வீட்டில் அது கெடும் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழுது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் தொழிலில் நான் அதிகம் கண்டது அதைத்தான். கிளையில் ஒருமுறை கோதுமை மா மூடைகள் சில விற்காமல் ஒரு மாரி முழுவதும் நின்றுவிட்டன. வெளியே பார்த்தால் சாக்கு நன்றாகவே இருந்தது. வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டபோது நடுவில் இளஞ்சூடு தெரிந்தது. எடுத்த மா உதிராமல், நூலாம்படை பிடித்ததுபோல் கட்டி கட்டியாக வந்தது. அரிதட்டில் போட்டதும் பழுப்பு வண்டுகள் ஊர்ந்தன. அந்த மூடைகளின் பெறுமதியை இருப்புக் கணக்கிலிருந்து கழித்த நாளில் என் கையெழுத்தே நேராக வரவில்லை. ஒரு கடைக்கே இந்த நிலை என்றால், 10 கிலோ மாவை ஒரு அறைக்குள் வைத்திருக்கும் புதுக் குடும்பத்துக்கு என்ன சொல்ல? கனடாவின் குளிரில் வண்டு குறைவு என்றாலும், சூடேற்றிய வீட்டுக்குள் அது வராது என்றில்லை. அத்துடன் புதிதாகப் போகின்றவர்கள் பலர் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து, பிரிட்ஜையும் அதன் மேல் இருக்கும் உறைபெட்டியையும் இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்கிறார்கள். களஞ்சியக் கடையில் கோழி வாங்கினால் ஒரு பொதியில் மூன்று நான்கு கிலோ வரும். அதை ஒரு சமையலுக்கு வேண்டிய அளவாகப் பிரித்துச் சிறு பைகளில் கட்டி உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். உறைபெட்டியில் உங்களுக்கு ஒரு தட்டுத்தான் என்றால் அந்த மலிவு உங்களுக்கு உரியது அல்ல. ஆகவே கொப்பியில் இன்னொரு வரி எழுதுங்கள்: என் வீட்டில் உலர்ந்த இடம் எவ்வளவு, குளிரும் இடம் எவ்வளவு, உறையும் இடம் எவ்வளவு?

அடுத்து, போக்குவரத்து. ரொறன்ரோவில் வாகனம் இல்லாதவர் பஸ்ஸில் போய்வரச் சீட்டு இரண்டு பக்கமும் சேர்த்து 6 டொலர் 60 சதம் ஆகும். மாதம் இரு தடவை போனால் 13 டொலர் 20 சதம். சந்தாவின் மாதப் பங்கான 6 டொலர் 12 சதத்தோடு சேர்த்தால் 19 டொலர் 32 சதம். அதாவது பொருள் விலையில் மாதம் 19 டொலருக்கு மேல் மிச்சம் பிடித்தால்தான் ஒரு சதமாவது உங்கள் கையில் நிற்கும். பயணச் செலவு சந்தாவைப் போல் இரண்டு மடங்கு என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வேலைக்குப் போய்வர ஏற்கனவே மாதச்சீட்டு வைத்திருந்தால் இந்தச் செலவு இல்லை. ஆனால் தை மாசிப் பனியில், வழுக்கும் நடைபாதையில், இரு கையிலும் பத்துக் கிலோவைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறுவது எப்படிப்பட்ட வேலை என்று நான் ஒருநாள் செய்து பார்த்தேன். இரண்டாவது நாள் செய்ய மனம் வரவில்லை. வாகனம் உள்ளவர்களுக்கு நிலை வேறு. களஞ்சியக் கடை சிலவற்றில் உள்ள எரிபொருள் நிலையத்தில் லீற்றருக்குச் சில சதம் குறைவாக இருக்கும். அது போகிற வழியில் இருந்தால் அந்த மிச்சத்தையும் கணக்கில் சேர்க்கலாம். அதற்காகவே வழிமாறி ஓடினால் சேர்க்க வேண்டாம்.

இவற்றுக்குப் பிறகும் ஒரு பெரிய விடயம் இருக்கிறது. அது வன்னியிலிருந்து போகின்றவர்களுக்கே சிறப்பாக உரியது என்று நான் நம்புகிறேன். நாங்கள் தட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் பற்றரியும் உரமும் சீமெந்தும் கண்ணில் படாத காலம் இருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, வவுனியாவிலிருந்து ஒரு லொறி வருமா வராதா என்பதே ஊரின் பேச்சாக இருந்தது. 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றதை இன்றைய பிள்ளைகளும் அறிவார்கள். இப்படி வளர்ந்த ஒருவர், கூரை வரை சீனியும் எண்ணெயும் அடுக்கிய ஒரு மண்டபத்துக்குள் முதன்முறை நுழையும்போது, கை தானாக நீளும். எனக்கும் நீண்டது. தேவைக்கு இரண்டு போத்தல் எண்ணெய் இருக்க, மூன்றாவதையும் எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, ஏன் வைத்தேன் என்று எனக்கே விளங்காமல் நின்றேன். மகள் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துத் திரும்ப வைத்தாள்.

தட்டுப்பாட்டுக்குச் சேமிப்பது வேறு, விலைக்குச் சேமிப்பது வேறு. வன்னியில் மூடையை வீட்டில் வைத்திருந்தது, நாளைக்கு அது கிடைக்காமல் போகலாம் என்பதற்காக. அப்போது பழுதான பங்கும் பாதுகாப்பின் விலையாக இருந்தது. அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றியது, அதைக் குறைவாகப் பேச எவருக்கும் உரிமையில்லை. கனடாவில் நாளைக்கும் கடை திறந்திருக்கும், பொருள் அதே இடத்தில் இருக்கும். அங்கே கூடுதலாக வாங்குவதற்கு இருக்கக்கூடிய ஒரே காரணம் அலகு விலை குறைவு என்பதுதான். ஆகவே தள்ளுவண்டியில் ஒன்றை வைக்கும்போது, இதை நான் விலைக்காக எடுக்கிறேனா, பயத்துக்காக எடுக்கிறேனா என்று கேட்டுப் பாருங்கள். பயம் என்றால் அந்தக் காசைச் சந்தாக் கணக்கின் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். அதேபோல், பட்டியலில் இல்லாமல் கண்ணுக்குப் பிடித்ததற்காக வாங்கிய உடுப்பும் விளையாட்டுப் பொருளும் அந்தப் பக்கத்தில்தான் வர வேண்டும், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

இப்போது கூட்டல் கழித்தல் எளிது. அடையாளமிட்ட ஒவ்வொரு பொருளுக்கும், மலிவுக் கடை அலகு விலையிலிருந்து களஞ்சிய அலகு விலையைக் கழித்து, மாதத்தில் உண்மையாகத் தீரும் அளவால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி, பழுதையும் பயணத்தையும் பட்டியலுக்கு வெளியே வாங்கியதையும் கழியுங்கள். மிஞ்சுவது 6 டொலர் 12 சதத்துக்குக் கீழே என்றால் சந்தா வேண்டாம். அதற்குச் சற்று மேலே, எட்டு ஒன்பது டொலர் என்றாலும் முதல் வருடத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து, ஏனென்றால் புதியவரின் கணக்கில் பிழைக்கு இடம் அதிகம். பதினைந்தைத் தாண்டினால் தயங்காமல் எடுங்கள். மகள் குடும்பம் முதல் வருடம் கணவனும் மனைவியும் மட்டும், வாகனமும் இல்லை. மாதம் நான்கு டொலர்கூட மிஞ்சவில்லை, எடுக்கவில்லை. பிள்ளை பிறந்து, பழைய கார் ஒன்றும் வாங்கிய பிறகு அணையாடையும் பாலும் முட்டையுமே சந்தாவை மூன்று மாதத்தில் மீட்டுவிட்டன.

மேல்நிலை அங்கத்துவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கும் பொருளில் 2 வீதத்தை வருட முடிவில் திருப்பித் தருவார்கள், உச்சம் 1,250 டொலர். எரிபொருள், புகையிலை போன்ற சில அதில் சேராது. கூடுதலாகக் கட்டுவது வரியோடு 73 டொலர் 45 சதம் என்பதால், வருடத்துக்கு ஏறத்தாழ 3,670 டொலருக்கு, அதாவது மாதம் 306 டொலருக்கு, அங்கே வாங்கினால்தான் அது சரிக்குச் சரி வரும். புதுக் குடும்பம் ஒன்றுக்கு அந்த அளவு வராது. பதிவு மேசையில் இருப்பவர் அதையே எடுக்கும்படி அன்பாகச் சொல்வார். நீங்களும் அன்பாகச் சாதாரண அட்டையே போதும் என்று சொல்லுங்கள்.

சந்தா கட்டுமளவுக்குக் கணக்கு வராதவர்களுக்கும் வழி உண்டு. அட்டையை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டு போக முடியாது. அதில் படம் இருக்கிறது, வாசலிலும் காசாளரிடமும் பார்ப்பார்கள். ஆனால் அங்கத்தவர் ஒருவர் தம்மோடு இருவரை விருந்தினராக உள்ளே அழைத்துச் செல்லலாம், காசை மட்டும் அங்கத்தவரே செலுத்த வேண்டும். ஒரே முகவரியில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட இன்னொருவருக்கு இரண்டாவது அட்டை இலவசம். நமது ஊரில் பண்டிகைக்கு ஒரு ஆட்டை அடித்துப் பங்கு இறைச்சி போடுகிறோமே, அதே ஒழுங்கு இங்கும் நன்றாகப் பொருந்தும். அட்டை உள்ள உறவினரோடு இரண்டு குடும்பம் சேர்ந்து போய், கோழியையும் வெங்காயத்தையும் எண்ணெயையும் பொதுவாக வாங்கி, வீட்டுக்கு வந்ததும் தராசில் நிறுத்துப் பிரியுங்கள். கண்மட்டத்தில் பிரிக்க வேண்டாம், பங்கு இறைச்சியில் வரும் மனவருத்தமெல்லாம் கண்மட்டத்தில் பிரிப்பதால் வருவதுதான். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொண்டு, அன்றே காசைக் கொடுத்துவிடுங்கள். பெற்றோல் செலவிலும் ஒரு பங்கைக் கேளாமலே கொடுங்கள். இப்படிப் பிரிக்கும்போது பழுதும் இடப் பிரச்சினையும் பாதியாகக் குறைகின்றன, ஆகவே தனியாகச் சந்தா கட்டியவரைவிடவும் பங்குக்காரருக்கு மிச்சம் கூடுதலாக வரலாம்.

எடுப்பதென்று முடிவு செய்தால் சில ஒழுங்குகளை முன்பே அறிந்திருங்கள். கனடாவில் அந்தக் கடையில் கடனட்டை என்றால் மாஸ்டர்காட் மட்டுமே ஏற்பார்கள், விசா செல்லாது. வங்கி டெபிட் அட்டையும் காசும் செல்லும். புதியவர்கள் பலருக்கு வங்கி முதலில் விசா அட்டை கொடுத்துவிடுவதால், நிறைந்த வண்டியோடு காசாளர் முன் நின்று சங்கடப்படுகிறார்கள். மருந்து வாங்க மட்டும் போகின்றவருக்கு ஒன்ராறியோவில் அட்டை தேவையில்லை, மருந்துப் பகுதிக்குப் போகிறேன் என்று வாசலில் சொன்னால் விடுவார்கள். வெளியே வரும்போது ஒருவர் பற்றுச்சீட்டை வாங்கி வண்டியைப் பார்த்துக் கோடு போட்டுத் தருவார். எல்லோருக்கும் அப்படித்தான், உங்களைச் சந்தேகிப்பதாக நினைத்து முகம் வாட வேண்டாம்.

சந்தா பிடிக்காவிட்டால் வருடத்தின் எந்த நாளிலும் அங்கத்துவத்தை நீக்கி, கட்டிய முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம் என்பது அந்தக் கடையின் வெளிப்படையான உறுதி. இதனால் புதியவருக்குத் துணிவு வரும். ஆனால் அட்டை பெற்ற நாளை யாரும் எழுதிவைப்பதில்லை. தானாகவே புதுப்பிக்கும் ஒழுங்குக்கு ஒப்புக்கொண்டிருந்தால், அடுத்த வருடத்துக்கான காசு சத்தமில்லாமல் கடனட்டையில் ஏறிவிடும். ஆகவே அட்டை எடுத்த நாளிலிருந்து பதினோராவது மாதத்தில் நாட்காட்டியில் ஒரு திகதியைக் குறித்து, அதுவரை எல்லாப் பற்றுச்சீட்டையும் ஒரு பழைய பால்மாப் பேணிக்குள் போட்டுவாருங்கள். அந்தத் திகதியில் பேணியைக் கவிழ்த்து, முதல் மாதத்தில் எழுதிய கொப்பியையும் பக்கத்தில் விரித்து, அதே கூட்டலை இன்னொருமுறை செய்யுங்கள். மகள் வீட்டில் இந்தக் கூட்டலை இப்போது மூத்த பேரன் செய்கிறான். இறாத்தலைக் கிலோவாக்கும்போது மட்டும் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறான்.